மூன்று வாரம் தின்ற ஒரு ஃபைல்

எம்.எஸ்சி. பயோ இன்ஃபர்மேடிக்ஸ் புராஜெக்ட்டைப் போன வாரம் ஒருவழியாகக் கொடுத்துவிட்டேன். மலேரியா புரோட்டீன்களை வைத்து டாக்கிங் (ஒரு மூலக்கூறு புரோட்டீனில் எங்கே, எப்படிப் பொருந்தும் என்று கம்ப்யூட்டரில் பார்ப்பது) செய்யப் போகிறவர்கள் நான் மாட்டிக்கொண்ட இடத்தில் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

நான் எடுத்தது மலேரியா ஒட்டுண்ணியான பிளாஸ்மோடியம் ஃபால்சிபாரத்தின் ஏ.எம்.ஏ-1, ரான்-2 என்ற புரோட்டீன் ஜோடி. இரண்டுமே ஒட்டுண்ணியின் சொந்தச் சரக்கு. ரான்-2-ஐ நம் சிவப்பணுவின் சவ்வில் அதுவே செருகிவிட்டு, தன் மேலிருக்கும் ஏ.எம்.ஏ-1-ஆல் அதைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைகிறது. அந்தப் பிடியைத் தடுக்கும் பெப்டைடை, அதாவது குட்டி அமினோ அமிலச் சங்கிலியை, தேடுவதுதான் வேலை. "வேற தலைப்பு எடும்மா" என்று சொல்லிப் பார்த்தார்கள். எங்கள் ஐயாவின் (தாத்தாவின்) அப்பா பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது வியாபாரத்துக்கு, போய் மலேரியாவில் இறந்தவர். எனக்கு விட மனசில்லை.

புரோட்டீன் வடிவங்களைச் சேர்த்துவைத்திருக்கும் பி.டி.பி. தரவுத்தளத்தில் தேடியதும் முதலில் கண்ணில் பட்ட 1இசட்40 என்ற ஃபைலை இறக்கிக்கொண்டேன். டாக்கிங் ஓட்டினால், பெப்டைடு குழிக்குள் போகாமல் எங்கெங்கோ ஒட்டுகிறது. சர்வரைச் சந்தேகப்பட்டேன், செட்டிங்கை மாற்றினேன். சனிக்கிழமை லேப் கம்ப்யூட்டரில் ஓட்டலாம் என்று கானாடுகாத்தானிலிருந்து பஸ் ஏறிக் காரைக்குடி போனால், ஆபீஸில் இருந்தவர் என் அனுமதி லெட்டரைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "டிபார்ட்மென்ட் சீல் இல்லையேம்மா, திங்கக்கிழமை வா." கையெழுத்து இருந்தது, சீல்தான் இல்லை. அதை முதல் நாளே சொல்லியிருக்கலாம். அடுத்த பஸ்ஸில் வீடு திரும்பினேன். இன்னமும் ஆறவில்லை.

திங்கட்கிழமை கைடு மேடம் கேட்டது ஒரே கேள்வி: "எந்த ஃபைல் எடுத்த?"

அங்கேதான் விஷயம். 1இசட்40 தனியாக இருக்கும் ஏ.எம்.ஏ-1. அதில் இரண்டாம் டொமைனின் (புரோட்டீனின் ஒரு பகுதி) நீண்ட லூப், ரான்-2 உட்கார வேண்டிய குழியின் ஒரு பகுதியை மூடிக்கொண்டிருக்கும். ரான்-2 வரும்போது அந்த லூப் விலகிக்கொடுக்கும். நான் பயன்படுத்திய டாக்கிங்கில் புரோட்டீன் அசையாது, அதனால் கதவு மூடியே கிடந்தது. எடுத்திருக்க வேண்டியது 3இசட்டபிள்யூஇசட்: 39 அமினோ அமில ரான்-2 பெப்டைடோடு சேர்த்தே படிகமாக்கியது.

அதை இறக்கியதும், உள்ளே இருந்த பெப்டைடைப் பிரித்தெடுத்துத் திரும்ப அதே குழியில் டாக் செய்து பார்த்தேன். ரான்-2-இன் 2041-ஆம் இடத்திலுள்ள அமினோ அமிலமான ஆர்ஜினின் தன் பொந்துக்குள் சரியாகப் போய் உட்கார்ந்தது. இரவு பதினொரு மணிக்கு அம்மாவை எழுப்பிக் காட்டினேன். நீங்களும் முதலில் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். இது சரியாக வராமல் புதுப் பெப்டைடு எதையும் தொடாதீர்கள்.

அப்புறம் இன்னொன்று. பெப்டைடைக் கையால் வரைந்தால் சிஸ்டீன் 2037-க்கும் 2049-க்கும் நடுவிலுள்ள டைசல்ஃபைடு (இரண்டு கந்தக அணுக்கள் சேரும்) பிணைப்பைப் போட்டுவிட்டீர்களா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் கொண்டை ஊசி வளைவு நிற்காது. எனக்கு அதில் இரண்டு நாள் போனது.

வைவாவில் வெளித்தேர்வாளர் படத்தைத் திருப்பச் சொல்லி, "2041 எங்கே?" என்றார். நேராக விரல் வைத்துக் காட்டினேன்.