அந்நேரத்தில் அருளப்படும்

ஈஸ்டருக்கு முந்தின லெந்து தவக்காலத்தின் மூன்றாம் ஞாயிறு. வெயில் ஏறுவதற்குள் போய்விட வேண்டும் என்று காட்பாடியில் ஆறரை மணிக்கே பஸ் ஏறினோம், நானும் பெரியம்மாவும். வேலூர் கோட்டைக்குள் இருக்கும் பரிசுத்த யோவான் ஆலயத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து ஜெபிக்க வேண்டும் என்று எனக்கு வெகுநாள் ஆசை. பெரியம்மா முப்பது வருஷமாகப் பெந்தெகொஸ்தே சபை. "கட்டடத்துல இன்னா கண்ணு கீது, கர்த்தரு நம்ம உள்ள கீறாரு" என்பவர். ஆனால் இந்த முறை கூப்பிட்டதும் மறுபேச்சில்லாமல் கிளம்பிவிட்டார். காரணம் எனக்குத் தெரியும். இரண்டு மாதமாக அவருக்குத் தூக்கம் இல்லை.

யாரோ போனில் அனுப்பிய பிரசங்கங்கள்தான். யுத்தம், பஞ்சம், அந்திக்கிறிஸ்து, நெற்றியில் முத்திரை. கிறிஸ்து இரகசியமாக வந்து சபையைப் பரலோகத்துக்கு எடுத்துக்கொள்ளுவார், அதற்குப் பிறகு வருகிற உபத்திரவ காலத்துக்கு நாம் இருக்க மாட்டோம் என்று அவர் சபையில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். இப்போது வேறொரு ஊழியர், "இல்லை, சபையும் உபத்திரவத்தின் வழியாகத்தான் போகும்" என்று பேசியதைக் கேட்டுவிட்டார். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார்: "சாவறதுக்கு பயம் இல்ல கண்ணு. கழுத்துல கத்திய வெச்சி, இயேசு வேணாம்னு சொல்லுன்னா, நான் சொல்லிடுவேனோன்னு பயமா கீது. எனக்கு ஊசி போட்டாலே கை நடுங்கும்."

எனக்குப் பதில் வரவில்லை. ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது ஒருநாள் பள்ளிவிட்டு வந்தேன். கதவு திறந்திருந்தது. அடுப்பில் உலை கொதிக்கிறது, வீட்டில் ஒருவரும் இல்லை. வருகை வந்துவிட்டது, நான் கைவிடப்பட்டேன் என்றே நினைத்தேன். அழுதுகொண்டு உபதேசியார் வீட்டுக்கு ஓடினேன். அவர் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது. அந்தப் பிள்ளையின் பயமும் அறுபத்தெட்டு வயதுப் பெரியம்மாவின் பயமும் ஒரே ஊற்றிலிருந்து வருகிறவை.

அகழியைத் தாண்டி உள்ளே போனோம். ஜலகண்டேஸ்வரர் கோயிலில் மணி அடித்துக்கொண்டிருந்தது. ஆலயம் 1846ல் கட்டப்பட்டது. அலங்காரம் அதிகமில்லாத கட்டடம். உள்ளே குளிர்ச்சியாக இருந்தது. பின் வரிசையில் உட்கார்ந்தோம். பெரியம்மா முக்காடு போட்டுக்கொண்டு கண்ணை மூடினார். எனக்கு மூட முடியவில்லை. இந்த ஆலயம் எழும்புவதற்கு நாற்பது வருஷம் முன்னால் இதே மதிலுக்குள் நடந்தது நினைவுக்கு வந்துவிட்டது.

1805 நவம்பரில் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படைத் தளபதி ஜான் கிரடாக் ஓர் உத்தரவு போட்டார். சிப்பாய்கள் நெற்றியில் சமயக் குறி இடக்கூடாது, தாடி வைக்கக்கூடாது, தோல் சின்னம் வைத்த புதுத் தலைப்பாகை அணிய வேண்டும். மறுத்தவர்களுக்குக் கசையடி. எங்களைக் கட்டாயமாகக் கிறிஸ்தவர் ஆக்கப் பார்க்கிறார்கள் என்ற அச்சம் பரவியது. 1806 ஜூலை 10 விடியுமுன் கோட்டைக்குள் புரட்சி வெடித்தது. ஆற்காட்டிலிருந்து பிரிட்டிஷ் அதிகாரி கில்லஸ்பி குதிரைப்படையோடு வந்து அன்றைக்கே அடக்கினார். நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் செத்தார்கள். மக்கான் பக்கம் இருக்கும் நினைவுத்தூணைப் பலமுறை பஸ்ஸிலிருந்து பார்த்திருக்கிறேன்; ஆலயத்துக்குள் உட்கார்ந்து அதை நினைத்தது இதுதான் முதல் தடவை.

வெளிப்படுத்தின விசேஷத்தில் மிருகம் நெற்றிகளில் முத்திரை போடச் சொல்கிறது. இங்கே ஓர் அதிகாரம் நெற்றியிலிருந்ததை அழிக்கச் சொன்னது. அந்த அதிகாரத்தின் கையில் இருந்தது என் ஆண்டவரின் பெயர் என்று அந்தச் சிப்பாய்கள் நம்பினார்கள். மனசாட்சியை வலுக்கட்டாயம் செய்கிற எந்தக் கையும் அவருடைய கை இல்லை. இதை நான் அந்த பெஞ்சில் முழங்காலிட்டு அவரிடமே சொன்னேன். உபத்திரவம் என்றால் நமக்கு மட்டும் வருவது என்று நினைத்துப் பேசுகிற பிரசங்கம் இனி என் காதில் ஏறாது.

வெளியே வேப்ப மரத்தடியில் கொண்டுவந்த இட்லியைப் பிரித்தோம். பெரியம்மா நேராகக் கேட்டார்: "நீ படிச்சவன் சொல்லு. எடுத்துக்குவாரா, மாட்டாரா?"

தெரிந்ததைச் சொன்னேன். கிறிஸ்து மறுபடியும் வருவார் என்பதில் எந்தச் சபைக்கும் மாற்றுக் கருத்து இல்லை. தெசலோனிக்கேயருக்குப் பவுல் எழுதிய முதல் நிருபத்தில், மேகங்கள்மேல் எடுத்துக்கொள்ளப்படுவோம் என்றே இருக்கிறது. எப்போது என்பதில்தான் வழக்கு. உபத்திரவத்துக்கு முன்பே என்ற போதனையை ஒழுங்குபடுத்திப் பரப்பியவர் ஜான் நெல்சன் டார்பி என்ற போதகர். 1830களில் பிரதரன் சபைக்காரர்கள் நடுவே அது வேர்பிடித்தது. 1909ல் ஸ்கோபீல்டு என்பவரின் குறிப்புகளோடு வந்த வேதாகமம் அதை உலகெங்கும் கொண்டுபோனது. ஆதிச் சபையின் ஐரேனியு போன்ற பிதாக்கள் சபை அந்திக்கிறிஸ்துவின் கையில் பாடுபடும் என்றுதான் எழுதினார்கள். முன்பே போவோம் என்கிறவர்கள் வெளிப்படுத்தின விசேஷத்தில் பிலதெல்பியா சபைக்குச் சொன்ன வாக்கைக் காட்டுவார்கள்: "சோதனைகாலத்திற்குத் தப்பும்படி நானும் உன்னைக் காப்பேன்." அதுவும் ஆண்டவர் வாக்குத்தான், தள்ள முடியாது.

ஆனால் எனக்கு ஒன்று தட்டுப்பட்டிருந்தது. அங்கே 'காப்பேன்' என்பதற்கு மூலத்தில் இருக்கிற கிரேக்கச் சொற்கள் 'டேரேயோ எக்'. ஆண்டவர் பாடுபடுவதற்கு முந்தின இரவில் சீஷருக்காக ஜெபிக்கும்போதும் அதே இரண்டு சொற்கள்தான் வருகின்றன: "நீர் அவர்களை உலகத்திலிருந்து எடுத்துக்கொள்ளும்படி நான் வேண்டிக்கொள்ளாமல், நீர் அவர்களைத் தீமையினின்று காக்கும்படி வேண்டிக்கொள்ளுகிறேன்." எடுத்துக்கொள்ளும்படி கேட்கவில்லை, காக்கும்படி கேட்டார். அந்த ஜெபத்துக்குள் இருந்த சீஷர்களில் யாக்கோபு ஏரோதின் பட்டயத்துக்குத் தப்பவில்லை. அவன் காக்கப்படவில்லை என்று யார் சொல்ல முடியும்? பிலதெல்பியாவுக்கு இந்த வாக்கைக் கொடுத்தவர், சிமிர்னா சபைக்கு "மரணபரியந்தம் உண்மையாயிரு" என்றார். ஒரே ஆண்டவர், இரண்டு சபை, இரண்டு வழி. தனக்கு எது என்று தேர்ந்துகொள்ளும் உரிமையை அவர் எந்தச் சபைக்கும் கொடுக்கவில்லை.

பெரியம்மா இட்லியைப் பாதியில் வைத்துவிட்டார். "அப்ப தப்பிக்கணும்னு ஜெபம் பண்றது தப்பா?"

"தப்பே இல்ல பெரிம்மா. 'இந்தப் பாத்திரம் நீங்கட்டும்'னு அவரே கேட்டாரே. ஒரு பட்டணத்துல துன்பப்படுத்தினா மறு பட்டணத்துக்கு ஓடிப்போங்கன்னு சொன்னவரும் அவர்தான். பவுல் கூடையில இறங்கித் தப்பிச்சார்." கார்த்தேஜின் கண்காணி (பிஷப்) சிப்பிரியான் 250ல் உபத்திரவம் வந்தபோது ஒளிந்துகொண்டார், கோழை என்று ஏசினார்கள். 258ல் மறுபடி வந்தபோது நின்றார், தலை வெட்டப்பட்டது. ஒளிந்த மனுஷனும் நின்ற மனுஷனும் ஒருவரே. எட்டு வருஷத்துக்கு முன்னால் அந்தத் தைரியம் அவர் கையில் இருந்ததா என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. ராஜாக்களுக்கு முன்பாக நிறுத்தப்படும்போது என்ன பேசுவோமென்று கவலைப்படாதிருங்கள், அந்நேரத்தில் அருளப்படும் என்றுதான் வாக்கு. முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுகிற பண்டம் இல்லை அது. வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு வானத்திலிருந்து அன்றன்றைக்குக் கிடைத்த மன்னாவை நாளைக்கென்று வைத்தால் புழுப்பிடித்தது.

பெரியம்மா பதில் பேசவில்லை. இட்லியை எடுத்துச் சாப்பிட்டார்.

பேராலயத்துக்கு ஆட்டோவில் போனோம். வேலூர் மறைமாவட்டம் 1952ல் உண்டானது. அதன் பேராலயம் விண்ணேற்பு அன்னை பேராலயம். கத்தோலிக்கக் கோயிலுக்குள் பெரியம்மா கால் வைத்ததே கிடையாது. வாசலில் தயங்கினார். பெயரைப் படித்து, "விண்ணேற்புன்னா?" என்றார். மரியாள் ஆத்துமாவோடும் சரீரத்தோடும் பரலோகத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்டாள் என்று அவர்கள் விசுவாசிக்கிறார்கள் என்றேன். அது எங்கள் சபையின் போதனை இல்லை. ஆனாலும் அந்தப் பெயரின் அடியில் நிற்கும்போது ஒன்று நெஞ்சில் குத்தியது. எடுத்துக்கொள்ளப்பட்டாள் என்று இவர்கள் கொண்டாடுகிற அந்தத் தாய்க்குத்தான் சிமியோன், "உன் ஆத்துமாவையும் ஒரு பட்டயம் உருவிப்போகும்" என்று சொன்னான். சிலுவையண்டையில் அவள் கடைசிவரை நின்றாள்.

உள்ளே பூசை முடிந்து கூட்டம் கலைந்திருந்தது. பக்கத்தில் ஜெபமாலையோடு இருந்த வயதான அம்மா ஒருவர் பெரியம்மாவைப் பார்த்துச் சிரித்து, பையிலிருந்து ஒரு சின்னப் படத்தை எடுத்துக் கொடுத்தார். கையில் விலங்கோடு முழங்காலிட்டிருக்கும் ஒரு மனிதர். புனித தேவசகாயம்.

நான் கதையைச் சொன்னேன். நீலகண்ட பிள்ளை, நட்டாலத்துக்காரர், திருவிதாங்கூர் அரசில் அதிகாரி. குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாயிடம் யோபுவின் கதையைக் கேட்டு மனம் திரும்பினார். 1745ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம். 1749ல் கைது. எருமைமேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். விட்டுவிடு என்று எத்தனையோ முறை கேட்டும் விடவில்லை. 1752 ஜனவரி 14 அன்று காற்றாடிமலையில் சுட்டுக்கொன்றார்கள். 2022 மே மாதம் ரோமில் புனிதர் பட்டம்.

"மறைசாட்சி" என்றார் அந்த அம்மா. "நாங்க இரத்தசாட்சின்னு சொல்லுவோம்" என்றார் பெரியம்மா. இரண்டிலும் சாட்சி இருக்கிறது. கிரேக்கத்தில் 'மார்ட்டிஸ்' என்றாலும் சாட்சி என்றே பொருள். கண்டதைச் சொல்லுகிறவன். சாவு அவன் தேடிப்போனது இல்லை.

பெரியம்மா படத்தை வேதாகமத்துக்குள் வைத்தார், யோவான் 21ஆம் அதிகாரத்தில். தற்செயலா, தெரிந்தேவா, நான் கேட்கவில்லை. மூன்று தரம் மறுதலித்த பேதுருவிடம், முதிர்வயதில் உனக்கு இஷ்டமில்லாத இடத்துக்கு உன்னைக் கொண்டுபோவார்கள் என்று ஆண்டவர் சொல்லுகிற இடம் அது. கை நடுங்காதவர்களுக்குத்தான் அந்த வழி என்று அங்கே எழுதியிருக்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் பாலாற்றுப் பாலம் தாண்டும்வரை பேசாமல் வந்தார். மணலும் முட்செடியும்தான், தண்ணீர் இல்லை. பிறகு திரும்பி, "அவுரு பெண்சாதி இன்னா ஆனாங்க?" என்று கேட்டார்.

பார்கவி அம்மாள். ஞானஸ்நானத்தில் ஞானப்பூ. அவர் வடக்கன்குளத்துக்குப் போய் அங்கேயே கடைசிவரை இருந்தார் என்றேன்.

"தனியாவா?"

"தனியாத்தான் பெரிம்மா."

பெரியம்மா வேதாகமத்தைத் திறந்து படத்தை இன்னொரு முறை பார்த்தார். "அந்தம்மாவுக்கும் ஒரு படம் போட்டிருக்கலாம்" என்றார்.