இரண்டு இட்லி

மே 7
அக்னி நட்சத்திரம், கடலூரே வேகிறது. பாப்பா போர்வைக்குள் சுருண்டுகொண்டு குளிருது என்கிறாள். முன்கையில் பூனைமுடி. தூரம் நின்று நான்கு மாதம். பக்கத்து கிளினிக்கில் "பரீட்சை டென்ஷன்" என்று டானிக் எழுதித் தந்தார்கள். அவர்களை மட்டும் சொல்வானேன்? தோசையில் எண்ணெயைக் காகிதத்தால் ஒற்றி எடுத்தவளை, "என்ன கட்டுப்பாடு பாரு" என்று தெருவெல்லாம் பெருமை பேசியவள் நான்தான்.

மே 9
பாண்டிச்சேரி. நாடி 44. அனோரெக்ஸியா நெர்வோசா என்றார் டாக்டர், குண்டாகிவிடுவோமோ என்ற பயத்தில் சாப்பாட்டையே ஒதுக்க வைக்கும் மனநோயாம். சாப்பாடு இல்லாமல் உடம்பு தன்னையே மிச்சம் பிடிக்கிறதாம், இதயத்துடிப்பு உட்பட. உடனே அட்மிஷன். அத்தை போனில், "சோறு தின்னாததுக்கெல்லாம் ஆஸ்பத்திரியா?"

மே 11
தூக்கில் நெய்ச்சோறு கொண்டுபோனேன். நர்ஸ் வாங்கி ஓரமாக வைத்துவிட்டார். பட்டினி கிடந்த உடம்பில் திடீரென்று சாப்பாட்டை ஏற்றினால் ரத்தத்தில் பாஸ்பேட் சட்டென்று இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாமாம். அதனால்தான் தினமும் ரத்தம் எடுக்கிறார்கள், அளவைப் பார்த்துப் பார்த்துக் கூட்டுகிறார்கள். நெய்ச்சோற்றை நானே சாப்பிட்டேன். இறங்கவில்லை.

மே 24
வீட்டுக்கு வந்தாச்சு. இனி எவ்வளவு சாப்பிட வேண்டும் என்பது எங்கள் முடிவு, அவளோடு பேரம் கிடையாது. 1980களில் லண்டன் மாட்ஸ்லி ஆஸ்பத்திரியில் உருவான முறையாம். "இது உங்களால வந்ததுன்னு நாங்க பார்க்கிறதில்ல, சரியாக்க நீங்க வேணும்" என்றார் ஆலோசகர். என் வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மே 29
காலை இரண்டு இட்லி. முதல் இட்லியைக் கிள்ளிக் கிள்ளிப் பதினாறு துண்டாக்கினாள். ஒன்று மடிக்குள் போனது. இவர் பார்த்துவிட்டார். "விழுந்துடுச்சு பாப்பா" என்று இன்னொரு துண்டைத் தட்டில் வைத்தார், அவ்வளவுதான். தட்டைத் தள்ளினாள். சாம்பார் முழுக்க வேட்டியில். "என்னைக் குண்டாக்கத்தானே பார்க்கிறீங்க!" நான் அடுப்படிக்கு ஓடிவிட்டேன். இவர் அசையவில்லை, கடை திறக்கவும் போகவில்லை. வேறு தட்டு, வேறு இரண்டு இட்லி. ஒன்றேகால் மணி நேரம். தட்டு காலி.

ஜூன் 8
பரிசோதனை. எடை மெஷினுக்கு முதுகு காட்டித்தான் நிற்க வைக்கிறார்கள், எண்ணை எங்களுக்கு மட்டும் சொன்னார்கள். 200 கிராம் குறைந்திருக்கிறது. நாடி 56, அது தேவலை. பஸ்ஸில் யாரும் பேசவில்லை.

ஜூன் 9
இரண்டாவது இட்லியில் கை வைக்காமல் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம், "அந்த வேட்டியில கறை போச்சாப்பா?"
"போகலடா. சாப்பிடு."