சுழி பார்த்து ஒரு காளை, எண் பார்த்து ஒரு காளை

நான் முதலில் வாங்கிய ஆங்கஸ் இனக் காளையை யாரும் சும்மா கடந்து போனதில்லை. முதுகு பலகை போல இருக்கும். நடந்தால் தொடைச் சதை குலுங்கும். தரகர்கள் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசும் மாட்டுச் சந்தையில் அப்பாவின் பின்னால் சுற்றி வளர்ந்தவன் நான். சுழி, பல், நடை என்று கண்ணாலேயே மாட்டை எடைபோடும் பழக்கம் ஆஸ்திரேலியாவுக்கும் கூடவே வந்துவிட்டது. ஏலப் புத்தகத்தில் அந்தக் காளையின் பெயருக்குக் கீழே ஒரு வரி முழுக்க எண்கள் இருந்தன. நான் படிக்கவில்லை.

அதற்கான தண்டம் அடுத்த ஆகஸ்டில் வந்தது. நியூ சவுத் வேல்ஸின் வடக்கு மேட்டுநிலத்தில், ஆர்மிடேல் பக்கம், அது புல்லெல்லாம் உறைபனி படியும் மாதம். தலையீற்றுக் கிடாரிகள் 24. அவற்றில் ஏழுக்குக் கன்றை இழுத்து எடுக்க வேண்டியிருந்தது. நள்ளிரவு தாண்டிய நேரம், டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு கன்றின் முன்னங்கால்களில் சங்கிலி மாட்டினேன். குளம்பின் பருமன் கையில் பட்டதுமே வயிற்றைக் கலக்கியது. கிடாரிக்கு முக்கக்கூடத் தெம்பில்லை. அந்தப் பருவத்தில் மூன்று கன்றுகளும் ஒரு கிடாரியும் போயின. காளையை விற்றவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அவர் எல்லாவற்றையும் அச்சடித்துத்தான் கொடுத்திருந்தார். பிறப்பு எடை: +7.2.

அதன் பிறகுதான் அந்த வரியைப் படிக்கக் கற்றுக்கொண்டேன். காளையின் கன்றுகள் எப்படியிருக்கும் என்று எண்ணால் மதிப்பிடும் பிரீட்பிளான் கணக்குமுறைதான் இதற்கெல்லாம் அடிப்படை. அதை உருவாக்கியது ஆர்மிடேலில், நியூ இங்கிலாந்து பல்கலைக்கழக வளாகத்தில் இயங்கும் விலங்கு மரபியல் பிரிவு. விதை தெளித்த இடத்திலேயே குடியிருந்துகொண்டு வயலைப் பார்க்காதவன் கதைதான் என்னுடையது.

இபிவி (மதிப்பிடப்பட்ட இனப்பெருக்க மதிப்பு) என்று இங்கே எல்லாரும் சொல்லும் அந்த எண், காளை பிறந்தபோது இருந்த எடை அல்ல. தனியாக வைத்துப் பார்த்தால் அதற்குப் பெரிய பொருளும் இல்லை. ஒரே இனத்தில் இரண்டு காளைகளை எடுத்துக்கொண்டு, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து, பாதியாக்க வேண்டும். கன்றுக்குத் தகப்பன் கொடுப்பது பாதிதானே! +7.2 காளைக்குப் பதில் +2.1 காளையை விட்டிருந்தால் கன்றுகள் சராசரியாக இரண்டரைக் கிலோ குறைந்திருக்கும். கேட்கச் சின்ன எடைதான். முதல் கன்று போடும் கிடாரியின் இடுப்பைக் கேட்டால் வேறு பதில் வரும். ஆங்கஸ் எண்ணையும் ஹியர்ஃபோர்டு எண்ணையும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது என்பதையும் ஒருவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

சூடு கண்ட பூனையாக, பிறப்பு எடை மிகக் குறைந்த காளைகளை மட்டும் குறித்து வைத்தேன். பக்கத்துப் பண்ணைக்காரர் பட்டியலைப் பார்த்துச் சிரித்தார். சின்னதாகப் பிறந்து சின்னதாகவே நிற்கும் கன்றுகளை யாருக்கு விற்பாய் என்றார். பிறப்பு எடை தாழ்ந்தும் 400, 600 நாள் வயதில் எடைகள் உயர்ந்தும் இருக்கும் காளை வேண்டும். கூடவே எளிதாகக் கன்று ஈனும் எண்ணையும் பார்க்க வேண்டும். பெண் கன்றுகளை மந்தையில் வைத்துக்கொள்வதானால் பாலும் வளர்ந்த பசுவின் எடையும் முக்கியம். இல்லையென்றால் அவற்றுக்காகக் காசு கொடுப்பது வீண்.

மரபணுச் சோதனை இதில் எங்கே வருகிறது? வால் மயிரை வேரோடு பிடுங்கியோ, காதிலிருந்து துளி திசு எடுத்தோ ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். அங்கே ஆயிரக்கணக்கான மரபணுக் குறிகளைப் படிக்கிறார்கள். அதை வம்சாவளியோடும் எடைப் பதிவுகளோடும் சேர்த்துக் கணக்கிடுவதால், இன்னும் ஒரு கன்றுகூடப் பிறக்காத இளங்காளைக்கும் ஓரளவு நம்பத்தக்க எண் கிடைக்கிறது. நோய்க் குறைபாடுகளும் தெரியவரும். முதுகு வளைந்து, மூட்டு விறைத்து, செத்தே பிறக்கும் ஆங்கஸ் கன்றுகளின் குறைபாட்டுக்கு ஏஎம் என்று பெயர்; 2008இல் அமெரிக்காவில் அடையாளம் கண்டார்கள். காளையும் பசுவும் இரண்டுமே அதைச் சுமந்தால் நான்கில் ஒரு கன்று அப்படிப் பிறக்க வாய்ப்புண்டு. காளையின் பெயருக்குப் பக்கத்தில் ஏஎம்எஃப் என்றிருந்தால் அந்தக் கவலை இல்லை.

ஏலத்தன்று நான்கு காளைகளைக் குறித்திருந்தேன். என் பட்டியலில் இல்லாத ஒன்று வளையத்துக்குள் வந்தது. அதே பலகை முதுகு, அதே தொடை. கையைக் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டேன். 9,000 டாலருக்கு நான் வாங்கியது யாரும் திரும்பிப் பார்க்காத ஒரு காளை. ஆனால் கண்ணுக்கும் வேலை இருந்தது. நடக்கவிட்டுக் கால்களைப் பார்த்தேன். விந்துச் சோதனைச் சான்றைக் கேட்டு வாங்கினேன். எண்கள் எல்லாம் நன்றாக இருந்து காளை நொண்டினால் என்ன பயன்?

நவம்பரில் மந்தையில் விட்டேன். அடுத்த ஆகஸ்டில் 26 கிடாரிகள் ஈன்றன. ஒன்றுக்குத்தான் கைகொடுத்தேன், அதுவும் பின்னங்கால் முன்னால் வந்த கன்று. மற்ற இரவுகளில் தூங்கினேன்.

பெருமையோடு காளையின் பக்கத்தைக் கணினியில் திறந்தேன். பிறப்பு எடை +2.1 என்பது +3.4 ஆகியிருந்தது. ஏமாற்றிவிட்டார்கள் என்றுதான் முதலில் தோன்றியது. காரணம் வேறு: அதன் உடன்பிறப்புகளின் கன்றுகள் புதிதாகக் கணக்கில் சேர்ந்திருந்தன. பழைய ஏலப் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். எண்ணுக்குக் கீழே பொடி எழுத்தில், மதிப்பீட்டின் துல்லியம் 66%. மறுபடியும் ஒரு வரியைப் படிக்காமல் விட்டிருக்கிறேன். இந்த ஆண்டும் கிடாரிகளை அதனிடம்தான் விட்டிருக்கிறேன், 3.4 என்பது 7.2-இல் பாதிகூட இல்லையே.