கொறங்காட்டு மேய்ச்சல் கணக்கு

காங்கேயம், தாராபுரம், மூலனூர் வட்டாரங்களில், கிளுவை வேலி சூழ, கொழுக்கட்டைப் புல்லும் ஆங்காங்கே வெள்வேல மரங்களும் வளரும் மானாவாரி மேய்ச்சல் நிலத்தைக் கொறங்காடு என்கிறோம். ஜிம்பாப்வேயின் சூழலியலாளர் ஆலன் சேவரி முன்வைத்த திட்டமிட்ட மேய்ச்சலைப் பற்றி இன்று பலரும் பேசுகிறார்கள். மேய்ந்த புல்லுக்குப் போதிய ஓய்வு கொடுப்பது என்ற அதன் அடிப்படையைக் கொங்கு உழவர்கள் நெடுங்காலமாகவே கடைப்பிடித்து வருகிறார்கள்.

நிலத்தைப் பல காடுகளாக, அதாவது வேலியடைத்த பகுதிகளாகப் பிரித்து, ஒன்றில் புல் குறைந்ததும் படலைச் சாத்திவிட்டு, மாடுகளையும் மேச்சேரி ஆடுகளையும் அடுத்ததற்கு ஓட்டுவார்கள். கொழுக்கட்டைப் புல் மழை பெய்தால் அடித்தூரிலிருந்து மீண்டும் துளிர்க்கும் என்றாலும், துளிர்த்த உடனே திரும்பத் திரும்பக் கடிபட்டால் வேரின் சேமிப்புத் தீர்ந்து தூரே பட்டுப்போகும். ஆகவே மழைக்குப் பின் மாடுகளை எப்போது உள்ளே விடுவது என்பதில்தான் உழவரின் திறமை இருக்கிறது. கோடையில் புல் காய்ந்தபின் உதிரும் வெள்வேலங்காய் ஆடுகளுக்குத் தீவனமாகிறது. சாணமும் புழுக்கையும் வண்டிக்கூலியின்றி மண்ணில் சேர்கின்றன.

திட்டமிட்ட மேய்ச்சல் பாலைவனமாதலையே திருப்பிவிடும் என்று 2013ஆம் ஆண்டு உரையொன்றில் சேவரி வாதிட்டதை அறிவியலாளர் பலர் ஏற்கவில்லை. எனக்கும் ஐயம் உண்டு. கொறங்காட்டுக்கு அவ்வளவு பெரிய பேச்சு தேவையில்லை; ஆண்டுக்குச் சுமார் 600 மில்லிமீட்டர் மழை பெறும், பாசனமற்ற மண்ணில் அது காங்கேயம் மாட்டினத்தை வளர்த்திருக்கிறது.

எனக்குக் கவலை தருவது வேலிதான். முள்கிளுவையைப் பிடுங்கிவிட்டுக் கம்பி வேலி போடுகிறவர்கள், ஆடுகளுக்குத் தழையும் நிலத்துக்குக் காற்றுத் தடுப்பும் தந்த உயிர்வேலியை இழக்கிறார்கள். அதைப் போத்து (வெட்டிய கிளை) நட்டு மறுபடி அடர்த்தியாக்கப் பல ஆண்டுகள் ஆகும்.