மாமா, இந்தச் சத்தம் கேக்குதா?

என் மனைவியின் தம்பி புதிதாக ஒரு டீசல் பிக்கப் வாங்கியிருக்கிறான். அதற்கு முன் அவன் வைத்திருந்தது பெட்ரோல் கார். அது ஓடுகிறதா நின்றுவிட்டதா என்றே தெரியாது. ஸ்டார்ட் ஆகியிருப்பது தெரியாமல் மறுபடியும் சாவியைத் திருகி, 'கர்ர்ர்' என்று அதை அலறவைப்பது அவனுக்கு வாடிக்கை. அப்படிப்பட்டவன் கையில் இந்த வண்டி. வாங்கிய கையோடு போன் வந்துவிட்டது.

"மாமா, எஞ்சினுக்குள்ள யாரோ சுத்தியலால தட்டுற மாதிரி இருக்கு. கேளுங்க."

காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். ஒன்றும் கேட்கவில்லை. திறந்த பானெட்டுக்குள் போனை நீட்டியிருக்கிறான். பேச்சு தெளிவாகப் போவதற்காகப் பின்னணி இரைச்சலை வடிகட்டிவிடும் போன் அது. சீராக ஓடும் எஞ்சினும் அதன் கணக்கில் இரைச்சல்தான். ஆக, எஞ்சினைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, "கேக்குதா? கேக்குதா?" என்ற அவன் குரலை மட்டும் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தது. அதுவும் கிசுகிசுப்பாக. எஞ்சின் காதில் விழுந்தால் கோபித்துக்கொள்ளுமோ என்னவோ.

அப்புறம் ஒலிப்பதிவுகள் வர ஆரம்பித்தன. 'காலை சத்தம்', 'காலை சத்தம் புதுசு', 'காலை சத்தம் ஃபைனல்' என்று தலைப்புகளோடு. இதற்கு நடுவே ஒர்க்‌ஷாப்புக்கும் போய்விட்டு வந்திருக்கிறான். அங்கே சொன்ன பதில், "டீசல்னா அப்படித்தான் சார் இருக்கும்."

பொய்யில்லை. ஆனால் இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு நல்ல எஞ்சினையும் அனுப்பிவைக்கலாம், நாளை உடையப்போகும் எஞ்சினையும் அனுப்பிவைக்கலாம். ஏன் அப்படித்தான் இருக்கும் என்று ரெண்டு நிமிடம் சொல்லியிருந்தால் என் தூக்கமாவது மிஞ்சியிருக்கும்.

ஒரு நாள் நேரில் போய், பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு விளக்கினேன். பெட்ரோல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் தீப்பொறி கொடுக்கும். டீசலில் அது கிடையாது. காற்றை ஏறக்குறைய பதினாறில் ஒரு பங்காக அமுக்குவார்கள். அமுக்குகிற அமுக்கில் அது 500 டிகிரி செல்சியஸுக்கு மேல் கொதித்துப்போகும். அதில் டீசலைப் பீய்ச்சினால் தானாகவே பற்றிக்கொள்ளும். ஆனால் பீய்ச்சிய நொடியே பற்றாது, ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குத் தாமதமாகும். அந்த இடைவெளியில் உள்ளே போன டீசலெல்லாம் சேர்ந்து நின்று, பற்றும்போது ஒரே மூச்சில் எரியும். அழுத்தம் சட்டென்று எகிறும், இரும்பு அதிரும். அந்த அதிர்வுதான் இவன் கேட்ட சுத்தியல். எஞ்சின் ஆறிக் கிடக்கும் காலை நேரத்தில் டீசல் பற்ற இன்னும் கொஞ்சம் தாமதமாகும், அதனால் சத்தமும் கூடும். சூடேறியதும் குறைந்துவிடும்.

"குறையுதுதான் மாமா. அதுவும் திடீர்னு குறையுது. அதான் பயமா இருக்கு."

கூடினாலும் பயம், குறைந்தாலும் பயம்.

உண்மையில் இன்றைய டீசல் எஞ்சின்கள் சாதுக்கள். எல்லா சிலிண்டருக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து அதிக அழுத்தத்தில் டீசலைக் கொடுக்கும் காமன் ரெயில் முறை வந்த பிறகு, முதலில் துளியூண்டு டீசலைத் தெளித்து நெருப்பை மூட்டிவிட்டு, அப்புறம்தான் முழு அளவையும் அனுப்புகிறார்கள். பயணிகள் காரில் இது முதலில் வந்தது 1997இல், ஆல்ஃபா ரோமியோ 156இல். அதற்கு முந்தைய டீசல் வண்டிகளில் பக்கத்து சீட்டில் இருப்பவரோடு சைகையில்தான் பேச முடியும். அந்தக் காலத்தில் இவன் வண்டி வாங்கியிருந்தால் என் கதி என்ன என்று யோசித்துப் பார்த்தேன்.

"அப்ப இந்த டிக் டிக்?"

அது இன்ஜெக்டர். சில வண்டிகளில் 2,000 பாருக்கும் மேலான அழுத்தத்தில் டீசலைப் பீய்ச்சுகிறது. கார் டயரில் இருக்கும் அழுத்தத்தைப் போல கிட்டத்தட்ட ஆயிரம் மடங்கு. நாலு சிலிண்டர் எஞ்சின் சும்மா 800 சுற்றில் நின்றுகொண்டிருந்தாலே நிமிடத்துக்கு 1,600 முறை எரிய வேண்டும். இவ்வளவு வேலையை வாயைத் திறக்காமல் செய் என்றால் எப்படி?

ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் வரும் மெல்லிய விசில், எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போவுடையது. நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுகிற பொருள், விசிலடித்துவிட்டுப் போகட்டும். காலையில் கிளப்பியதும் விமானம் கிளம்புவதுபோல் வரும் இரைச்சல், எஞ்சினோடு சேர்ந்து சுழலும் ஃபேனுடையது. அதன் நடுவில் சிலிகான் எண்ணெய் கொண்ட கிளட்ச் இருக்கிறது. ராத்திரி முழுக்க வண்டி நிற்கும்போது எண்ணெய் இறங்கி ஃபேனைப் பிடித்துக்கொள்ளும், கொஞ்சம் ஓடியதும் விட்டுவிடும். மேடு பள்ளத்தில் வரும் லொடலொட சத்தத்துக்கு "எஞ்சின் பேரிங் போச்சு" என்று அவனே தீர்ப்பு எழுதிவிட்டான். வண்டியை நிறுத்திவைத்து ஆக்ஸிலரேட்டரை மிதிக்கச் சொன்னேன். வரவில்லை. அப்படியானால் எஞ்சினைச் சந்தேகப்படக் காரணமில்லை. பின்சீட்டைத் தூக்கிப் பார்த்தால் ஜாக்கி கம்பி கட்டவிழ்ந்து கிடந்தது.

இவ்வளவு பாடம் நடத்தியும் ஒரு ராத்திரி போன்.

"மாமா, வண்டிக்கு அடியில யாரோ இருக்காங்க."

"என்னடா சொல்ற?"

"வண்டியை ஆஃப் பண்ணி, சாவி என் கையிலதான் இருக்கு. உள்ள 'விர்ர்'னு ஏதோ திரும்புச்சு. இப்ப அடியில டிங்... டிங்னு யாரோ தட்டுறாங்க. டார்ச்சோட நிக்கிறேன். குனிஞ்சு பாக்கத்தான் தைரியம் வரல."

"நிறுத்துறதுக்கு முன்னாடி ஐடிலிங், அதான் சும்மா நிக்கும்போது எஞ்சின் சுத்துற வேகம், ஏறியிருந்துச்சா? சூடான வாசனை வந்துச்சா?"

"ஆமா மாமா! உங்களுக்கு எப்படித் தெரியும்?"

நான் மந்திரவாதியெல்லாம் இல்லை. சைலன்சர் குழாயில் கரித்தூளைப் பிடித்துவைக்கும் டிபிஎஃப் என்ற வடிகட்டி இருக்கிறது. அது நிரம்பிவந்தால் வண்டியே 600 டிகிரி வரை சூடேற்றி அந்தக் கரியை எரிக்கும். அந்த நேரம் பார்த்து இவன் வண்டியை நிறுத்தியிருக்கிறான். சூட்டில் நீண்டிருந்த உலோகம் ஆறிச் சுருங்கும்போது டிங், டிங் என்கிறது. 'விர்ர்' என்றது, எஞ்சின் நின்றதும் ஒருமுறை திறந்து மூடிப் பார்த்துக்கொள்ளும் வால்வு மோட்டார். விஷயத்தைச் சொன்னேன். "அப்ப யாரும் இல்லையா?" என்று கேட்டான். குரலில் ஒரு சின்ன ஏமாற்றம்.

பயப்பட வேண்டிய சத்தங்களையும் சொல்லிவைத்தேன். அடியாழத்திலிருந்து 'டொக் டொக்' என்று வந்து, மேட்டில் ஏறும்போது பலமாகிறதா? கூடவே ஆயில் விளக்கு எரிகிறதா? உடனே ஓரங்கட்டி ஆஃப் செய். டர்போ விசில் சைரன் மாதிரி ஊளையிட ஆரம்பித்தால் காட்டு. ஒரே ஒரு சிலிண்டர் மட்டும் தனியாகக் கடகடத்து, புகையும் தள்ளினால் இன்ஜெக்டரைப் பார்க்கச் சொல். மொத்தத்தில் நேற்று இல்லாத சத்தம் இன்று வந்தால் எனக்குச் சொல், இருந்த சத்தம் திடீரென்று காணாமல் போனாலும் சொல். இந்தக் கடைசி வரியை நான் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

நேற்று போன். "மாமா, இன்னைக்கு விசில் வரல."

இந்த முறை நானே நிமிர்ந்து உட்கார்ந்தேன். டர்போ ஹோஸ் கழன்றிருந்தால் விசில் மாறும், வண்டியின் இழுவையும் போகும்.

"வண்டி இழுக்குதா?"

"நல்லா இழுக்குது."

"கரும்புகை?"

"இல்ல. ஓரமா நிறுத்திட்டு எல்லாம் பாத்துட்டேன்."

"ஓட்டும்போது ஜன்னல் திறந்திருந்துச்சா, மூடியிருந்துச்சா?"

பதில் இல்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் பேசினான்.

"மாமா... இந்தக் கண்ணாடி இறங்கும்போது கீச்சுனு ஒரு சத்தம் வருதே, அது நார்மலா?"