டக்!

"மூச்சை விடுங்கோ அண்ணை" என்றார் வைத்தியம் பார்த்த பிள்ளை. ஒருக்களித்துப் படுத்திருந்தேன், மேல்கால் மடக்கி. விட்டேன். இடுப்பில் ஒரே அழுத்து.

டக்!

சரி, எலும்பு போச்சு என்று நினைத்தேன். சிரித்தார். மூட்டுத் திரவத்தில் வாயுக்குமிழி செய்கிற வேலையாம். நெட்டி முறிக்கிறோமே, அதே சத்தம்தான்.

கனடாவின் ஸ்கார்பரோவில் இன்று எனக்கு முதல் கைரோபிராக்டிக். முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையால் அழுத்திச் செய்கிற வைத்தியம்.

இதைத் தொடங்கியவர் டி.டி. பால்மர். 1895இல், அமெரிக்காவின் டேவன்போர்ட்டில், காது மந்தமான துப்புரவுத் தொழிலாளி ஒருவரின் முதுகெலும்பை அழுத்தினாராம், காது கேட்டதாம். 1897இல் பள்ளியே திறந்துவிட்டார்.

காதுக் கதையை நான் நம்பவில்லை. இடுப்பு கொஞ்சம் இளகியது உண்மை.

அப்புறம் அந்தப் பிள்ளை கழுத்துப் பக்கம் வந்தார்.

"அது வேண்டாம் பிள்ளை" என்று எழுந்து சப்பாத்தைத் தேடினேன்.