கடிக்காத முறுக்கு

திரை இருண்ட பிறகும் தம்பி மகள் கையிலிருந்த முறுக்கைக் கடிக்கவில்லை.

"பெரியப்பா, இந்தச் சிஸ்கோ நல்லவர்தானே?"

'ஸ்டார் ட்ரெக்: டீப் ஸ்பேஸ் நைன்' தொடரில் 1998இல் வந்த அத்தியாயம். ஒதுங்கி நிற்கும் ரோமுலன்கள் என்ற வேற்றுக்கிரகத்தாரைத் தன் தரப்புக்காகப் போருக்குள் இழுக்கப் பொய்ச் சான்று தயாரிக்கிறார் விண்வெளி நிலையத் தளபதி சிஸ்கோ. குட்டு உடைகிறது. கண்டுபிடித்த ரோமுலன் செனட்டர் விண்கலத்தோடு வெடித்துச் சிதறுகிறார். வேலையை முடித்தவர் தையற்காரர் காரக். (அந்த ஆளிடம் நான் சட்டைகூடத் தைக்கக் கொடுக்க மாட்டேன்.)

ரசிகர்கள் இன்றும் இரண்டு கட்சி. ஸ்டார் ட்ரெக்கை உருவாக்கிய ஜீன் ராடன்பெரி கண்ட, மேம்பட்ட மனிதர்களின் எதிர்காலம் என்ற கனவுக்கே துரோகம் என்று கொதிப்பவர்கள் ஒருபுறம். தொடரின் உச்சமே இதுதான் என்பவர்கள் மறுபுறம். நான் இரண்டாவது கட்சி.

ஆனால் எனக்கு உறுத்துவது வெடிகுண்டு இல்லை.

கேமராவைப் பார்த்து, இந்தப் பாரத்தோடு வாழ்ந்துவிட முடியும் என்கிறார் சிஸ்கோ. சற்று நிறுத்தி, அதையே மறுபடியும் சொல்கிறார். அந்த இரண்டாவது தடவை யாருக்காக?

பிறகு, இதுவரை நடந்ததையெல்லாம் சொல்லிவந்த தன் நாட்குறிப்புப் பதிவு முழுவதையும் அழிக்கும்படி கணினிக்கு உத்தரவு. கணினி அழித்துவிடும். கூடவே உட்கார்ந்து கேட்ட நாம்?

அவளுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. முறுக்கு அவள் கையிலேயே இருக்கிறது.